கணினிக் கேள்வி பதில்: லைப்ரரி எப்போது தளம் ஆகிறது?

இந்த மாதம் சேலம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறு, ஏறத்தாழ ஒரே புள்ளியைச் சுற்றி வருகின்றன: பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக எழுதிவைத்த நிரல் தொகுப்பான லைப்ரரி, எப்போது 'தளம்' ஆகிறது? முதல் கடிதத்துக்கான பதிலில் மற்றவற்றின் பதில்களும் பாதி அடங்கிவிடுவதால், அதற்கு மட்டும் வழக்கத்தைவிட அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து ஓட்டிச் செல்லும் ஒரு சிறு விளையாட்டை, திரை, ஒலி, விசைப்பலகை ஆகியவற்றைக் கையாளும் எஸ்.டி.எல். லைப்ரரியைக் கொண்டு சி மொழியில் எழுதினேன். திட்ட அறிக்கையில் 'மென்பொருள் தளம்' என்ற கட்டத்தில் 'எஸ்.டி.எல். 2' என்று குறிப்பிட்டதை, வழிகாட்டி ஆசிரியர் அடித்துவிட்டு 'விண்டோஸ் 11' என்று திருத்தினார். "லைப்ரரி என்பது நீ கையில் எடுக்கும் கருவி, தளம் என்பது நீ நிற்கும் இடம்" என்றார். யார் சொல்வது சரி? (கல்லூரி மாணவர், ஓமலூர்)

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னது நல்ல வாக்கியம். ஆனால் அதையே அளவுகோலாக வைத்து உங்கள் விளையாட்டை அளந்தால், விடை அவர் எழுதியதற்கு மாறாக வருகிறது.

முதலில் சொல்லில் உள்ள குழப்பத்தைப் பார்ப்போம். 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்பதற்குத் தமிழில் 'இயங்குதளம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. 'வெப்சைட்' என்பதற்கு 'இணையதளம்' வந்தது. இவை போக, 'பிளாட்ஃபார்ம்' என்பதையும் 'தளம்' என்றே எழுதுகிறோம். ஒரே சொல்லை மூன்று வேலைக்கு அனுப்பினால், தளம் என்றதும் இயங்குதளமே நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. சேலம் ஜங்ஷனில் எழுதியிருப்பதுபோல் 'நடைமேடை' என்றே வைத்திருந்தால் உங்கள் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காதோ என்னவோ.

தனக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பிறர் எழுதும் நிரல் அறிய வேண்டிய தேவையே இல்லாமல் செய்யும் அடுக்குக்குத்தான் மென்பொருள் தளம் என்று பெயர். அந்த அடுக்கு இயங்குதளமாக இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். 1990களின் தொடக்கத்தில் டாஸ் கணினியில் விளையாடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், உங்களிடம் இருக்கும் ஒலி அட்டை சவுண்ட் பிளாஸ்டரா ஆட்லிப்பா, அட்டையின் முகவரி 220 தானா, குறுக்கீட்டு எண் 5ஆ 7ஆ என்றெல்லாம் 'செட்டப்' நிரல் கேட்கும். டாஸ் ஓர் இயங்குதளம்தான். ஆனாலும் ஒலிக்கோ வேகமான படத்துக்கோ அது எதையும் தரவில்லை என்பதால், ஒவ்வொரு விளையாட்டு நிறுவனமும் ஒவ்வோர் அட்டைக்கும் தானே நிரல் எழுதிக்கொண்டது. விளையாட்டு எழுதுபவருக்கு அங்கே இயங்குதளம் இருந்தது, நிற்கத் தளம் இல்லை. அந்தக் குறையைப் போக்க 1995இல் விண்டோஸ் 95-க்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்ததுதான் டைரக்ட்எக்ஸ். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை டி.எல்.எல். கோப்புகள், அதாவது லைப்ரரிகள். எனவே ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசும்போது 'விண்டோஸ்' என்று உங்கள் ஆசிரியர் எழுதுவதும் பெருமளவுக்கு ஒரு லைப்ரரித் தொகுப்பையே குறிக்கிறது.

இதற்கு நேரடியான சான்றும் இருக்கிறது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம் 1993இல் தொடங்கியது. அதன்மேல் கட்டப்பட்ட புரோட்டானை வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்டது. டைரக்ட்எக்ஸின் படம் வரையும் பகுதியான டைரக்ட்3டி-யிடம் விளையாட்டு கேட்பதை எல்லாம் அதில் உள்ள டி.எக்ஸ்.வி.கே. என்ற பகுதி லினக்ஸிலும் கிடைக்கும் வல்கன் என்ற படம் வரையும் இடைமுகத்தின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் இயங்குவது. விண்டோஸுக்கென்று எழுதிய எத்தனையோ விளையாட்டுகள் அதில் ஒரு வரியும் மாறாமல் ஓடுகின்றன. அங்கே விண்டோஸ் என்ற பொருள் இல்லை, விண்டோஸ் தருவதாகச் சொன்ன செயற்கூறுகளின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டுகளின்) பட்டியல் மட்டும் நிறைவேற்றப்படுகிறது. விளையாட்டு நின்றது அந்தப் பட்டியலின்மேல்.

இனி உங்கள் பேருந்துக்கு வருவோம். எஸ்.டி.எல். லைப்ரரியை சாம் லான்டிங்கா 1998இல் வெளியிட்டார். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்த லோகி என்ற நிறுவனத்தில் பணிபுரிந்தவர் அவர்; எனவே ஒரே விளையாட்டைப் பல இடங்களில் ஓடவைக்கும் வலியை நேரில் அறிந்தவர். உங்கள் நிரல் ஹாரன் ஒலியை ஒலிக்கச் சொல்லும்போது அது எஸ்.டி.எல்.லிடம்தான் சொல்கிறது. விண்டோஸில் அந்த ஒலி வாசாபி வழியாகவும், மேக்கில் கோர்ஆடியோ வழியாகவும், லினக்ஸில் பல்ஸ்ஆடியோ போன்ற ஒன்றின் வழியாகவும் போகிறது. ஜன்னல் திறப்பதும், விசைப்பலகையைப் படிப்பதும், விளையாட்டுக் கைப்பிடியின் பொத்தான்களை அறிவதும், கடிகாரம் பார்ப்பதும் அப்படியே.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் நிரலை லினக்ஸில் இயக்கக்கூடிய கோப்பாகத் தொகுத்து, எஸ்.டி.எல். எந்தக் காட்சி இயக்கியைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பில்) ஒரு முறை 'எக்ஸ்11' என்றும் அடுத்த முறை 'வேலேண்ட்' என்றும் கொடுத்து ஓட்டுங்கள். எக்ஸ்11-உம் வேலேண்டும் அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு காட்சி முறைகள். இரண்டிலும் ஒரே கோப்பு, மறுபடி தொகுக்காமலே, உங்கள் பேருந்தை அதே வளைவில் திருப்பும். அடியில் உள்ளதை உருவி எடுத்து வேறொன்றைச் செருகியும் மேலே உள்ளது உணரவில்லை என்றால், நடுவில் உள்ள அடுக்கைத் தளம் என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அடியில் உள்ளதை மறைப்பது பாதி வேலைதான். மறுபாதி, ஆண்டுகள் கடந்தும் சொன்ன சொல் தவறாமல் இருப்பது. எஸ்.டி.எல். 1.2-க்காக எழுதப்பட்ட பழைய விளையாட்டுகள் இன்றைய கணினியில் ஓடுவதற்காகவே, பழைய செயற்கூறுகளின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எஸ்.டி.எல். 2-ஐ அழைக்கும் ஓர் ஒத்திசைவு லைப்ரரியை அதே குழுவினர் எழுதினார்கள். அடுத்து எஸ்.டி.எல். 3 வந்து, 2025 ஜனவரியில் அதன் முதல் நிலையான பதிப்பு வெளியானபோது, எஸ்.டி.எல். 2-க்கும் அதேபோல் ஒன்று வந்தது. இன்னும் வியப்பானது, எஸ்.டி.எல். 2-ஐத் தன்னுள்ளேயே பிணைத்துக்கொண்ட விளையாட்டுக்குக்கூட, ஒரு சூழல் மாறியின் மூலம் வெளியிலிருந்து புதிய எஸ்.டி.எல்.லைக் கொடுக்க முடியும். விளையாட்டை எழுதிய நிறுவனம் மூடப்பட்ட பிறகும் அதன் அடித்தளத்தை மட்டும் புதுப்பிக்க இது வழி செய்கிறது. வெறும் கருவிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

ஆசிரியரின் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.டி.எல். மூலநிரல் அளவில் மட்டுமே தளம். நீங்கள் தொகுத்துக் கொடுத்த கோப்பு விண்டோஸுக்கும் அதன் செயலிக்கும் உரியது. அதை அப்படியே மேக்கில் வைத்தால் ஓடாது. 'லவ்' என்ற விளையாட்டு லைப்ரரியை எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. லுவா மொழியில் எழுதிய விளையாட்டை ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தால், அங்கே 'லவ்' நிறுவப்பட்டிருந்தால் போதும், அதே கோப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. அந்த அளவுகோலின்படி 'லவ்' உங்கள் எஸ்.டி.எல்.லைவிட முழுமையான தளம், அது உள்ளே எஸ்.டி.எல்.லையே பயன்படுத்தினாலும்கூட.

இன்னொன்று, உங்கள் மூலநிரலை ஒரு முறை தேடிப் பாருங்கள். எங்காவது விண்டோஸுக்கே உரிய செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைச் சேர்த்திருக்கிறீர்களா? மதிப்பெண் சேமிக்கும் கோப்புக்கு 'சி டிரைவ்' என்று தொடங்கும் பாதையை எழுதியிருக்கிறீர்களா? ஒரே ஓர் இடத்தில் அப்படி இருந்தாலும் நீங்கள் நிற்பது விண்டோஸில்தான், எஸ்.டி.எல். வெறும் கைக்கருவி ஆகிவிடும், ஆசிரியர் அடித்ததும் சரியாகிவிடும். இல்லை என்றால், அறிக்கையில் 'மென்பொருள் தளம்: எஸ்.டி.எல். 2' என்றும், அதன்கீழ் 'சோதித்த இயங்குதளம்: விண்டோஸ் 11' என்றும் இரண்டு வரியாக எழுதி, லினக்ஸில் ஓடுவதைக் காட்டும் திரைப்பிடிப்பு ஒன்றையும் இணைத்துக் காட்டுங்கள். படிவத்தைத் தயாரித்தவர் எந்தக் கணினியில் சோதித்தீர்கள் என்பதையே கேட்க நினைத்திருக்கவும் கூடும். அப்போது இரண்டாம் வரி அவருக்கு, முதல் வரி உங்களுக்கு.

கேள்வி: விசைத்தறி நடத்துகிறோம். மகள் 'பைகேம்' என்ற ஒன்றைக் கற்கிறாள், அது எஸ்.டி.எல். மேல் கட்டப்பட்டது என்கிறாள். ஒரு தளத்தின்மேல் இன்னொரு தளம் இருக்க முடியுமா? அப்படியானால் உண்மையான தளம் எது? (வாசகர், இளம்பிள்ளை)

பதில்: உங்கள் தறிக்கூடத்தில் இதற்கான விடை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜக்கார்டு பெட்டியைச் சொல்கிறேன். 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் செய்த பொறியின் வழி வந்தது அது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகிறது, கொக்கி பாவு நூலைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படுகிறது, நூல் எழுவதில்லை. அட்டை அடிப்பவர் தறி மரத்தறியா இரும்புத் தறியா, கையால் ஓடுகிறதா மோட்டாரில் ஓடுகிறதா என்று கேட்பதில்லை. 240 கொக்கியா 480 கொக்கியா என்பதைத்தான் கேட்கிறார். அந்த எண்ணிக்கை பொருந்தினால் ஒரு கூடத்தில் அடித்த அட்டை இன்னொரு கூடத்திலும் அதே பூவை நெய்யும். அட்டைக்குத் தளம் ஜக்கார்டு. ஜக்கார்டுக்குத் தளம் தறி. தறிக்குத் தளம் தரை.

ஆகவே 'உண்மையான தளம் எது' என்ற கேள்விக்கு, 'யாருக்கு?' என்ற எதிர்க்கேள்விதான் பதில். உங்கள் மகளுக்குத் தளம், பைத்தான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் பைகேம். பைகேமை எழுதியவர்களுக்குத் தளம் எஸ்.டி.எல். பைகேமை பீட் ஷின்னர்ஸ் 2000ஆம் ஆண்டில் தொடங்கினார். இருபது ஆண்டுகள் அது எஸ்.டி.எல். 1.2-இன்மேல் நின்றது, 2020 அக்டோபரில் வந்த பைகேம் 2.0 எஸ்.டி.எல். 2-க்கு மாறியது. மேலே இருந்த பைத்தான் நிரல்களில் பெரும்பாலானவை அப்படியே ஓடின. ஜக்கார்டைக் கழற்றாமல் தறியை மட்டும் மாற்றியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மைத் தறியில் இது நடக்காத காரியம் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.)

கேள்வி: மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியை. முதல் வகுப்புக் குழந்தைகளுக்காக எழுத்து விளையாட்டு ஒன்றைப் பைகேமில் எழுதினேன். 'கொக்கு' என்று கொடுத்தால் திரையில் ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கு'வும் உடைந்து வருகிறது. அதே சொல் பிரௌசரில் சரியாகத் தெரிகிறது. என் தம்பி "உங்கள் நிரலில் தவறில்லை அக்கா, தளம்தான் போதவில்லை" என்கிறான். தளம் போதாமல் இருப்பது என்றால் என்ன? (ஆசிரியை, ஏற்காடு)

பதில்: உங்கள் தம்பி சொன்னது மிகச் சரி. இந்த மாதத்துக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையதுதான்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'கொ' என்பது முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. நாம் கையால் எழுதும்போதோ கொம்பை முன்னால் போட்டு, 'க' எழுதி, காலைப் பின்னால் போடுகிறோம். சேமித்த வரிசையை எழுதும் வரிசைக்கு மாற்றுவதும், 'க'வோடு உகரம் சேரும்போது எழுத்துருவில் உள்ள 'கு' என்ற தனி உருவத்தைத் தேடி எடுப்பதும் ஒரு தனி வேலை. எழுத்து வடிவாக்கம் ('டெக்ஸ்ட் ஷேப்பிங்') என்று அதைச் சொல்லலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்கிறது. உங்கள் பைகேமில் அந்தப் படி நடக்கவில்லை. சேமித்த வரிசையில் வந்த உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அது வரைந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அதுவே போதும் என்பதால், இப்படி ஒரு படி விடுபட்டிருப்பது ஆங்கிலத்தில் விளையாட்டு எழுதுபவரின் கண்ணில் படுவதே இல்லை.

இதிலிருந்து தளம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று தெரியவருகிறது. ஒரு லைப்ரரி தளமா இல்லையா என்பது, அதன்மேல் என்ன கட்டப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. ஆங்கில எழுத்து விளையாட்டுக்குத் தளமாக இருந்த அதே பைகேம், தமிழ் எழுத்து விளையாட்டுக்குப் பாதிப் படிக்கட்டாக நின்றுவிடுகிறது. மீதிப் படிகளை நீங்களே இறங்கிக் கட்ட வேண்டியிருக்கிறது. அப்படி இறங்க நேர்ந்த இடம்தான் அந்தத் தளத்தின் விளிம்பு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எஸ்.டி.எல்.லுக்கு எழுத்து வரையும் துணை லைப்ரரியை ஹார்ஃப்பஸுடன் சேர்த்துக் கட்டினால் தமிழ் சரியாக வரும். ஆனால் அதைக் கட்டுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கோடோ விளையாட்டு எஞ்சினின் நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் போதும். இரண்டுக்கும் நேரமில்லை என்றால், முதல் வகுப்பு விளையாட்டுக்கு வேண்டிய சொற்கள் ஐம்பதோ அறுபதோதானே? அவற்றைத் தட்டச்சு மென்பொருளில் பெரிதாக அடித்துப் படங்களாகச் சேமித்து, எழுத்துக்குப் பதில் படத்தைக் காட்டுங்கள். அழகான தீர்வு அன்று. திங்கட்கிழமை வகுப்புக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: மென்பொருள் தளம் என்பதற்கு நீதிமன்றம் எதுவும் இலக்கணம் வகுத்திருக்கிறதா? (வழக்கறிஞர், அஸ்தம்பட்டி)

பதில்: இலக்கணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும், அமெரிக்காவின் இரண்டு வழக்குகள் நமக்கு மிகவும் பயன்படும்.

முதலாவது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின்மீது அமெரிக்க அரசு 1998இல் தொடுத்த ஏகபோக வழக்கு. 1999 நவம்பர் 5 அன்று நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் வெளியிட்ட உண்மை நிலைக் கண்டறிதல்களில் 'மிடில்வேர்' என்ற இடைநிலை மென்பொருள் விரிவாகப் பேசப்படுகிறது. தனக்குக் கீழே உள்ள இயங்குதளத்தின் இடைமுகங்களைச் சார்ந்திருந்துகொண்டே, தன் சொந்த ஏ.பி.ஐ.களை (பிற நிரல்கள் அழைப்பதற்கான இடைமுகங்களை) நிரலாளர்களுக்குத் திறந்துவிடும் மென்பொருள் என்று அதை விளக்குகிறார்கள். நெட்ஸ்கேப் பிரௌசரையும் ஜாவாவையும் மைக்ரோசாஃப்ட் அஞ்சியதற்குக் காரணமே, நிரலாளர்கள் விண்டோஸை விட்டுவிட்டு இவற்றின்மேல் எழுதத் தொடங்கினால் விண்டோஸ் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும் சரக்காகிவிடும் என்பதுதான். அதே நேரத்தில், அந்த ஏ.பி.ஐ.களை மட்டும் நம்பி ஒரு முழுமையான பயன்பாட்டை இலாபகரமாக எழுத முடிகிற அளவுக்கு அப்போது எந்த மிடில்வேரும் வளரவில்லை என்றும் அந்த ஆவணம் கூறுகிறது. 'மட்டும்' என்ற அந்தச் சொல்லில்தான் எடை இருக்கிறது. மேலே ஓமலூர் மாணவரிடம் விண்டோஸின் தலைப்புக் கோப்பைத் தேடச் சொன்னதும், ஏற்காட்டு ஆசிரியையிடம் விளிம்பைப் பற்றிச் சொன்னதும் இந்த 'மட்டும்' குறித்துத்தான்.

இரண்டாவது, கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் இடையே நடந்து, 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிந்த வழக்கு. ஆண்ட்ராய்டுக்காக ஜாவாவின் ஏ.பி.ஐ.யிலிருந்து ஏறத்தாழ 11,500 வரி அறிவிப்புகளை, அதாவது செயற்கூறுகளின் பெயரையும் அமைப்பையும் மட்டும் சொல்லும் வரிகளை, கூகுள் எடுத்துக்கொண்டது. அவற்றைச் செயல்படுத்தும் நிரலைத் தானே எழுதிக்கொண்டது. அறிவிப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியைத் தீர்மானிக்காமல், உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். அந்த அறிவிப்புகளின் மதிப்பில் பெரும்பங்கு, அவற்றைக் கற்றுக்கொள்ள நிரலாளர்கள் செலவழித்த உழைப்பிலிருந்து வருகிறது என்ற நீதிபதி பிரேயரின் பார்வை எனக்கு ஏற்புடையது. ஒரு லைப்ரரியின் உள்நிரலை எறிந்துவிட்டு வேறொருவர் புதிதாக எழுதியும், அதைக் கற்றவர்களின் கைப்பழக்கம் வீணாகவில்லை என்றால், அந்த லைப்ரரி தளமாகி வெகுநாள் ஆகிவிட்டது.

கேள்வி: 'பாக்ஸ்2டி' லைப்ரரியைக் கணக்கற்ற விளையாட்டுகள் பயன்படுத்துகின்றன. இத்தனை பேர் பயன்படுத்தும் அதைத் தளம் எனலாமா? (வாசகர், அம்மாபேட்டை)

பதில்: வேண்டாம். எரின் காட்டோ எழுதிய பாக்ஸ்2டி, பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிட்டுத் தருகிறது. திரையையோ ஒலியையோ விசைப்பலகையையோ அது தொடுவதே இல்லை. எதையும் மறைக்காத, எதன்மேலும் நிற்கத் தேவையில்லாத கணக்குப்பிள்ளை அது. பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஒரு லைப்ரரியைப் புகழ்பெற்றதாக்கும், தளமாக்காது. தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் விளம்பரங்களில் விற்பதை எல்லாம் 'பிளாட்ஃபார்ம்' என்றே அழைப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: 2008 முதல் குழந்தைகளுக்கான கற்றல் விளையாட்டுகளைச் செய்து பள்ளிகளுக்கு விற்கும் சிறு நிறுவனம் எங்களுடையது. முதலில் ஃபிளாஷில் செய்தோம், பிறகு எக்ஸ்.என்.ஏ.வில் செய்தோம், இரண்டும் கைவிடப்பட்டன. அடுத்து எதைத் தேர்ந்தெடுப்பது? பழையவற்றை மீட்க வழி உண்டா? (நிறுவன உரிமையாளர், ஐந்து ரோடு, சேலம்)

பதில்: உங்களுக்கு நேர்ந்தது இரண்டு வகையான இழப்பு. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், தேர்வு செய்வது எளிதாகும்.

பிரௌசரில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டிய அடோபியின் ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. 2021 ஜனவரி 12 முதல் அடோபியின் இயக்கியே கோப்புகளை ஓட்ட மறுத்தது. ஆனாலும் ரஃபிள் என்ற திறந்த மூல இயக்கி, ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய பிரௌசரில் ஓட்டுகிறது. உங்கள் பழைய கோப்புகளை அதில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல்மொழி) கொண்டவை பெரும்பாலும் எளிதாக ஓடிவிடும்.

எக்ஸ்.என்.ஏ.வின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. சி ஷார்ப் மொழியில் விளையாட்டு எழுதுவோருக்காக மைக்ரோசாஃப்ட் அதை 2006இல் வெளியிட்டது. 2010இல் வந்த 4.0 பதிப்போடு நின்றது. இனி புதிய பதிப்பு இல்லை என்பது 2013இல் உறுதியானது. உடையவர் கைவிட்டார், எழுதியவர்கள் கைவிடவில்லை. அதே பெயர்களோடும் அதே நடத்தையோடும் மோனோகேம், எஃப்.என்.ஏ. என்ற இரண்டு திறந்த மூல லைப்ரரிகள் உருவாயின. எக்ஸ்.என்.ஏ.வில் எழுதப்பட்ட 'டெரேரியா' எஃப்.என்.ஏ. வழியாக லினக்ஸுக்குப் போனது. 'ஸ்டார்டியூ வேலி' பின்னாளில் மோனோகேமுக்கு மாறியது. உங்கள் சி ஷார்ப் மூலநிரல் பத்திரமாக இருந்தால் எஃப்.என்.ஏ.வில் முதலில் முயலுங்கள், ஏனென்றால் பழைய எக்ஸ்.என்.ஏ.வை அச்சுப் பிசகாமல் பின்பற்றுவதே அதன் நோக்கம். அதன் அடியிலும் எஸ்.டி.எல்.தான் இருக்கிறது என்பதை ஓமலூர் மாணவருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

புதிய தேர்வுக்கு வருவோம். லைப்ரரியில் ஆட்டத்தின் சுழற்சியை நீங்கள் எழுதி, வேண்டிய இடத்தில் லைப்ரரியை அழைக்கிறீர்கள்; எஞ்சினில் சுழற்சி அவர்களுடையது, உங்கள் நிரலை அது அழைக்கிறது. எஞ்சின் வேலையைக் குறைக்கும், பதிலுக்குப் பிடியை இறுக்கும். 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு, ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் அதைத் தளர்த்தி, 2024 செப்டம்பரில் முற்றாகக் கைவிட்டது. அந்தக் கட்டணம் உங்களைத் தொட்டிருக்காது; ஆனாலும் பல ஆண்டு உழைப்பு நிற்கும் இடத்தின் வாடகையை இன்னொருவர் ஒரே நாளில் மாற்ற முடியும் என்பதை அது காட்டிவிட்டது. கோடோ எஞ்சின் 2014 முதல் எம்.ஐ.டி. என்ற திறந்த மூல உரிமத்திலும், எஸ்.டி.எல். 2013இல் வந்த 2.0 பதிப்பு முதல் இசட்லிப் என்ற இன்னொரு திறந்த மூல உரிமத்திலும் கிடைக்கின்றன. கையில் உள்ள பதிப்பை யாரும் திரும்பப் பறிக்க முடியாது.

உரிமம் மட்டும் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே நான் பாராட்டிய 'லவ்' லைப்ரரி, தன் 11.0 பதிப்பில் நிறங்களின் அளவை 0 முதல் 255 வரை என்பதிலிருந்து 0 முதல் 1 வரை என்று மாற்றியது. பழைய விளையாட்டுகள் ஓடின, ஆனால் நிறங்கள் எல்லாம் வெளுத்துப் போயின. குற்றம் சொல்ல முடியாத மாற்றம்தான்; இருந்தாலும் அன்றைக்குப் பள்ளிகளிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்கள் நிறுவனத்துக்கு என் பரிந்துரை கோடோ 4. தமிழ் எழுத்து அதில் ஒழுங்காக வருகிறது என்பது முதல் காரணம். ஊழியர்கள் சி ஷார்ப் அறிந்தவர்கள், கோடோ அதையும் ஏற்கிறது என்பது இரண்டாவது. ஒவ்வொரு விளையாட்டையும் விற்கும்போது, அதைக் கட்டிய எஞ்சின் பதிப்பின் நிறுவல் கோப்பையும் மூலநிரலையும் படங்களின் அசல் கோப்புகளையும் ஒரே வன்தட்டில் சேர்த்து, இரண்டு படியெடுத்து, ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். ஃபிளாஷில் செய்தவற்றின் அசல் கோப்புகள் இப்போது உங்களிடம் இருக்கின்றனவா என்று கடிதத்தில் எழுதவில்லை. ரஃபிளில் ஓடாதவற்றை மறுபடி செய்ய அவை தேவைப்படும். பழைய ஊழியர்களின் மடிக்கணினிகளிலும், பள்ளிகளுக்குக் கொடுத்த சி.டி.களிலும் இன்றே தேடத் தொடங்குங்கள்.